நடுவில் ஜன்னல் வைத்த மெத்தை

எங்கள் தெருவில் காற்றுக்கு நிறம் உண்டு, வெள்ளை. மெத்தைக்கடையில் பஞ்சடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் துணுக்குகள் வாசலைத் தாண்டி வந்து, வெயிலில் சற்று நின்று, எங்கே போகலாம் என்று யோசித்து, பிறகு யார் தலையிலாவது மெதுவாக உட்காரும். தெருவுக்குள் நுழைகிறவர்களுக்குக் கொட்டாவி வராமல் இருக்காது. நாய்கள் குரைக்கத் தொடங்கிப் பாதியில் தூங்கிவிடும். ஒருமுறை கடிதம் கொடுக்க வந்த தபால்காரர், ஒரு நிமிஷம் என்று சொல்லி வாசலில் அடுக்கியிருந்த மெத்தையில் சாய்ந்தார். அவர் கண் விழித்தபோது அவருக்குப் பணி ஓய்வு கொடுத்து மாலையும் போட்டுவிட்டிருந்தார்கள். நம்பாதவர்கள் போய் அந்தத் தபால்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். இப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.

நான் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவன். எங்கோ வயல்நடுவே நின்றுகொண்டிருக்கும் வண்டியை "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று வாழ்நாள் முழுக்கச் சம்பளத்துக்குச் சொன்னேன். இப்போது அதே வேலையை ஆசைக்குச் செய்கிறேன். குடியிருப்பது மெத்தைக்கடைக்கு மேலே, மாடியறையில். கடை என் தங்கை கணவருடையது. அவர் வெட்டுவார், அடைப்பார், தங்கை தைப்பாள். முழங்கை நீள ஊசியை அவள் மெத்தைக்குள் விட்டு மறுபக்கம் வாங்கும்போது, மெத்தையே கூச்சத்தில் நெளிவதுபோல் இருக்கும்.

இத்தனை மெத்தைகளுக்கு நடுவில் மெத்தைக்காரர் மட்டும் பலகையில் படுத்தார்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து அப்படித்தான். உள்ளே கட்டில், கட்டிலில் அவர் கையாலேயே அடைத்த மெத்தை, மெத்தையில் பாதி இடம் காலி. அவரோ கடையில் துணி வெட்டும் பலகைமேல், கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு. முதலில் முதுகுவலி என்றார். பிறகு புழுக்கம் என்றார். கடைசியில் வாய் தவறி, "நீ குறட்டை விடுற" என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் தங்கையின் ஊசி மெத்தையைக் குத்திய விதமே வேறு.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நான் பொண்ணு வீட்டுக்குக் கெளம்புறேன்" என்றாள் ஒரு நாள் காலையில், மெத்தை ஓரத்தை மடித்துத் தைத்தபடி.

"போயிட்டு வாங்க. எப்போ திரும்புவீங்க ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேர்னு யாரு சொன்னா? நான் மட்டும்தான். திரும்புறதப் பத்தி இன்னும் யோசிக்கல. அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்குதாம். நீ இங்கயே இரும்மான்னு பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"மாப்ளயக் கூப்பிட்டியா?"

"கூப்பிடாம இருப்பேனா? கடை இருக்குங்கறாரு. ரயில் ஒத்துக்காதுங்கறாரு. இன்னொரு வீட்டுல படுத்தா தூக்கம் வராதுங்கறாரு. பலகையில படுத்தா மட்டும் வருதாம்! நான் என்ன தப்பு பண்ணேன்னு அந்தப் பலகைகிட்டயாவது கேட்டுச் சொல்லு. அதுகூடத்தான் நல்லா ஒட்டிக்கிட்டு இருக்காரு."

சொல்லிவிட்டுப் பல்லால் நூலை அறுத்தாள். கண் கலங்கியிருந்தது. என்னால் அழுகையைப் பார்க்க முடியாது. உடனே, ரயில் நிலையத்தில் ஒரு ஆட்டுக்கு முதல் வகுப்பில் இடம் பிடித்துக் கொடுத்த கதையை எடுத்துவிட்டேன். ஆடு டிக்கெட் பரிசோதகரை ஏற இறங்கப் பார்க்கும் இடம் வந்ததுமே, "அடுப்புல பாலு" என்று எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

என் தங்கையிடம் எனக்கு இருந்த ஒரே மனக்குறை இதுதான். கதை சூடு பிடித்ததும் எழுந்துவிடுவாள். பால், அல்லது குழாய், அல்லது வாசலில் யாரோ. இத்தனை வருஷத்தில் என் கதை ஒன்றைக்கூட முடிவு வரை அவள் கேட்டதில்லை. அதனால் நானும் எந்தக் கதைக்கும் முடிவு தயார் செய்து வைப்பதில்லை.

மெத்தைக்காரருடைய வயிற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிப் போனது. ஆள் கரைந்து, சட்டை மட்டும் நடந்து வருவதுபோல் வந்தார். அறுவை மருத்துவர் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசி முனையை மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு பை செய்து, அதை மலம் போகும் பழைய வாசலோடு இணைத்துவிட்டார். மயக்கம் தெளிந்ததும் எங்கள் ஆள் கேட்ட முதல் கேள்வி, "என்ன தையல் போட்டீங்க?" மருத்துவர் விளக்கினாராம். இவர் கண்ணை மூடிக்கொண்டே, "ஓரத்துல இன்னொரு தடவ திருப்பித் தச்சிருக்கலாம்" என்றாராம்.

பை பழகும்வரை மாதக்கணக்கில் கசிவுதான். என் தங்கை தோய்க்கிற துணியும் ஒரு நீல பக்கெட்டுமாகக் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்த நடையில், தரையில் ஒரு பள்ளமே விழுந்தது. மழை பெய்தால் அதில் வாத்து நீந்தும். பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றது. அவள் அந்த பக்கெட்டில் மண்ணைக் கொட்டி ஒரு எலுமிச்சங்கன்றை நட்டாள். "இனிமே ஒனக்கு இதான் வேலை" என்று பக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள். அந்த எலுமிச்சை பக்கெட்டைப் பிளந்துகொண்டு தரையில் இறங்கி, இன்று கடைக்கே நிழல் தருகிறது. இதை எல்லாரும் மறந்துவிட்டோம். ஒருவரைத் தவிர.

அந்த வாரம் ஒரு மதிய நேரம். மெத்தைக்காரர் பின்கட்டுக் கழிவறையில் இருந்தார். பை வைத்தவர் நாளில் பலமுறை போகத்தான் வேண்டும். அது எங்கள் வீட்டில் கடிகாரம் அடிப்பதுபோல, யாரும் கவனிப்பதில்லை. அப்போது பார்த்து, தெருக்கோடி ரொட்டிக்கடைக்காரர் மாவு படிந்த புருவத்தோடு வந்து நின்றார். விடியும் முன்னே அடுப்பு மூட்டுகிறவர். பகலில்தான் அவருக்குத் தூக்கம்.

"அக்கா, ஒத்த ஆளு மெத்தை ஒண்ணு வேணும். தச்சு வச்சது. மாவு மூட்டைமேல படுத்துப் படுத்து நானே பன் மாதிரி ஆயிட்டேன்."

தங்கை தேடினாள். நுரை மெத்தைகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, ஒரு குறுகலான பஞ்சு மெத்தை நின்றது. புதுசு. யார் சொல்லித் தைத்தது என்று அவளுக்கு நினைவில்லை. யாரோ வாங்க வராமல் விட்டது என்று நினைத்து, விற்றுவிட்டாள். ரொட்டிக்காரர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, போகும் வழியிலேயே பாதி தூங்கியபடி போனார்.

திரும்பி வந்த மெத்தைக்காரர் அந்தச் சுவரைப் பார்த்தார்.

"இங்க ஒரு மெத்தை நின்னுச்சே?"

"வித்தாச்சு. ரொட்டிக்காரருக்கு."

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கி வெளுத்துப்போனது. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் மேல் ஒரு பஞ்சுத் துணுக்கு உட்கார்ந்திருந்தால் எது முகம், எது பஞ்சு என்று சொல்லியிருக்க முடியாது. மெத்தையை ஒளித்து வைக்க மெத்தைக்கடையைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். விற்பதற்கும் அதைவிட நல்ல இடம் இல்லை என்பதை மறந்துவிட்டார்.

"மச்சான், கொஞ்சம் என்கூட வாங்க" என்று கைவண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

போகிற வழி அந்த வெயிலில் கனவுபோல நீண்டது. அவர் கண் தெருவில் எதையோ தொட்டுத் தொட்டுப் போனது. தையற்கடை, மருந்துக்கடை, சைக்கிள் கடை. பிறகுதான் புரிந்தது. கழிவறை இருக்கும் கடைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார்.

ரொட்டிக்கடையின் பின்னறையில் அடுப்புச் சூடு இன்னும் மிச்சம் இருந்தது. மேலே ஒரு சின்னக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து விழ, அதில் மாவுத்தூசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அந்த மெத்தை. மெத்தைமேல் ரொட்டிக்காரர், கையைக் காலை விரித்து, வாயைத் திறந்து. அவர் மூச்சு விட்டால் தட்டுகளில் இருந்த ரொட்டிகள் உப்பின. மூச்சு வாங்கினால் அடங்கின. நானே பார்த்தேன்.

"எழுப்பு" என்றேன்.

"வேணாம் மச்சான். நல்ல தூக்கம். கெடுத்தா பாவம்." தொழில் புத்தி. மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"முயற்சி பண்றேன். சத்தியமெல்லாம் கேக்காத."

"கசியுது."

"எது? கடைக் கூரையா?"

"நான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தூங்கினா தெரியறதில்ல மச்சான். விடிஞ்சு பார்த்தா துணியில... கொஞ்சம்தான். ஆனா இந்த விஷயத்துல கொஞ்சம்னு ஒண்ணு கெடையாது. பகல்ல சமாளிச்சுக்குறேன். கருப்புக் கால்சட்டை, உள்ள ஒரு துணி மடிப்பு, கைக்கெட்டுற தூரத்துல ஒரு கக்கூஸ். படுத்தாத்தான் ஒடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"இத்தன வருஷம் நல்லாத்தானே இருந்த?"

"பை நல்லாத்தான் இருக்கு. வாசலுக்குத்தான் வயசாகுது. கதவு தளர்ந்துபோச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா இவளும் வருவா."

"வரட்டுமே! பொண்டாட்டிதானே, போலீஸா?"

"ஒங்களுக்குப் புரியாது." குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் நின்னப்போ அந்த நீல பக்கெட்டுல மண்ணக் கொட்டினாளே, அப்போ அவ மொகத்தப் பார்த்தீங்களா? நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருந்தேன். ஜெயில்லேருந்து வெளிய வந்தவ மாதிரி சிரிச்சா. அந்த மொகத்துக்கிட்ட போயி, இந்தா மறுபடியும் பக்கெட்டுன்னு எப்படிக் குடுக்கறது?"

"அதுக்குப் பதிலா அவளையே ரயிலேத்தி அனுப்பப் போறியா?"

"அதுக்குத்தான் மச்சான் இந்த மெத்தை!" எழுந்து, தூங்குகிறவரின் இடுப்புப் பக்கம் குனிந்து, கையால் காட்டினார். "மேல் துணியில நடுவுல ஒரு ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கேன். அதுல மெத்துன்னு ஒரு திண்டு, பொத்தான் போட்டு வச்சிருக்கு. அடியில ரப்பர் துணி. கசிஞ்சா திண்டோட நிக்கும், மெத்தைக்கு இறங்காது. விடிஞ்சதும் அதை மட்டும் கழட்டி நானே தோச்சுடுவேன். முதுகுவலிக்குத் தனி மெத்தைன்னு சொல்லி அவ பக்கத்துலயே போட்டுப் படுத்திருப்பேன். பொண்ணு வீட்டுக்கும் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பேன். இன்னிக்கு அவகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வித்துட்டா."

அவர் சொல்லச் சொல்ல, ரொட்டிக்காரர் அந்த ஜன்னலின்மேல் சுகமாகப் புரண்டு படுத்தார்.

"எனக்குக் குறட்டைன்னு சொன்னதையும் அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

வாசலில் தங்கை நின்றாள். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தவள், பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. மெத்தைக்காரர் மாவு மூட்டைக்குள் இறங்கிவிடப் பார்த்தார்.

அவள் நேரே போய் ரொட்டிக்காரரின் தோளைத் தட்டினாள். "தம்பி, எந்திரி."

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "அக்கா, இது மெத்தையில்ல. கனவுலயும் நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன். நடுவுல ஒரு பொத்தான் மட்டும் குத்துது. அது எதுக்கு?"

"அதான் பார்க்க வந்தேன். முன்னாடி யாரோ ரொட்டி கேக்குறாங்க, போ."

யாரும் கேட்கவில்லை. அவர் பாவம், தூக்கத்திலேயே நடந்து போனார்.

தங்கை மெத்தையருகே முட்டி போட்டாள். உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்தினாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திண்டை எடுத்தாள். அடியில் இருந்த ரப்பர் துணியைத் தடவி, அதன் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அந்தத் தையல் ஒரு மயிரிழைகூடக் கோணாமல், யார் கண்ணிலும் படாத இடத்தில், அவ்வளவு சின்னதாக ஓடியது.

"இந்த இடுப்பளவு யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள், நிமிராமல். "விக்கிற அவசரத்துல பார்க்காம விட்டேன். எப்பலேருந்து?"

"மழை விட்டதுலேருந்து."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"அந்த பக்கெட்டு..."

"எந்த பக்கெட்டு?"

"நீ எலுமிச்ச வச்சியே. இனிமே தொடவே கூடாதுன்னுதானே அதுல மண்ணப் போட்ட?"

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாக விளங்கியது.

"அடக் கடவுளே. அது ஓட்ட பக்கெட்டுங்க! அடியில கீறல் விட்டு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி நிக்கலைன்னுதான் செடி வச்சேன்."

மெத்தைக்காரர் மாவு மூட்டைமேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கசியுதுன்னு நான் எதையாவது தூக்கி எறிஞ்சிருக்கேனா?" என்று கேட்டாள் என் தங்கை.

வெயில் கற்றைக்குள் மாவுத்தூசி அப்படியே நின்றது. இதில் மிகையே இல்லை. ஒரு கணம் நின்றது. மெத்தைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவள் அந்தத் திண்டை மடியில் வைத்து, பஞ்சை விரலால் நீவி நீவிச் சரி செய்தாள்.

"வெக்கமா இருக்கு" என்றார் கடைசியில்.

"ஒங்களுக்கு மட்டுந்தானா? அண்ணன் கதை சொல்றப்போ நான் எதுக்கு எழுந்து ஓடுறேன்னு நெனச்சீங்க?"

"பாலு?" என்றேன் நான்.

"என்ன பாலு! நம்ம வீட்டுல அவ்வளவு பாலு எங்க இருக்கு? சிரிச்சா எனக்கு ஒண்ணுக்கு நிக்காதுண்ணே. பொண்ணு பொறந்ததுலேருந்தே. நீ அந்த ஆட்டைக் கொண்டுவந்து டிக்கெட் பரிசோதகர் எதுத்தாப்ல நிறுத்தினா, நான் எங்க போவேன்?"

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர்கள் இருவரும் அழுகிறார்கள். நான் மட்டும் அந்த ரொட்டிக்கடை கூரைக்குமேல் மிதந்துகொண்டிருந்தேன். என் தங்கை சிரித்திருக்கிறாள்! இத்தனை வருஷமும், ஒவ்வொரு கதைக்கும், ஓடி ஓடிப் போய்ச் சிரித்திருக்கிறாள்!

மெத்தையை ரொட்டிக்காரர் திருப்பித் தரவில்லை. கைவண்டியின் குறுக்கே படுத்துக்கொண்டு மறியல் செய்தார். படுத்தவர் அப்படியே தூங்கிப் போனதால் மேற்கொண்டு பேசவும் முடியவில்லை. வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பினோம். வழியில் தங்கை, மருந்துக்கடை, சைக்கிள் கடை என்று கைகாட்டிக்கொண்டே வந்தாள். "தையற்கடை கக்கூஸ்ல தாப்பாள் சரியில்ல, அங்க போகாதீங்க" என்றாள். அவளிடமும் அதே வரைபடம் இருந்திருக்கிறது.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இதற்கென்றே இருக்கும் நர்ஸம்மா, பையில் வீக்கம் ஏதும் இருக்கிறதா என்று மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்க வைத்தார். அது இல்லை என்று தெரிந்ததும் சொன்னார்: பொழுது சாயும் முன்னே சாப்பாட்டை முடித்துக்கொள்வது, வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் சேர்த்துக்கொள்வது, குடலின் ஓட்டத்தைக் குறைக்கும் மாத்திரை, தோல் புண்ணாகாமல் இருக்கத் தண்ணீரில் கழுவி ஒற்றியெடுத்துப் பூசும் களிம்பு, பிறகு வாசல் தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி. அந்தப் பயிற்சி உங்களுக்கும் நல்லது என்று என் தங்கையையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் கடையிலேயே செய்கிறார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்றாராம் நர்ஸம்மா. முகம் தெரிகிறதே! இருவரும் ஒரே நேரத்தில் புருவத்தை உயர்த்தி, எங்கோ தூரத்தில் பார்த்தபடி நின்றால், வாங்க வந்தவர்கள் வானத்தில் என்னவோ தெரிகிறது என்று தாங்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"சரியாயிடுமா?" என்று கேட்டேன் மெத்தைக்காரரை.

"கொறையுமாம். முழுசா நிக்குமான்னு அவங்களே சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "வயசு பின்னாடி போகாதுல்ல மச்சான்."

சனிக்கிழமை மதியம். மறுநாள் காலை ரயிலுக்கு இரண்டு பேருக்கும் பெட்டி கட்டியாகிவிட்டது. கழிவறைக்குப் பக்கத்து இருக்கையாக நானே போய் வாங்கி வந்தேன், பழைய செல்வாக்கு. கடைத் தரையில் ஒரு அகலமான மெத்தை விரிந்து கிடந்தது. சுருட்டினால் எடுத்துப் போகலாம், விரித்தால் இருவர் படுக்கலாம். அதில் ஜன்னல் இரண்டு. தலைமாட்டில் அவர், கால்மாட்டில் அவள், ஆளுக்கொரு ஓரமாகத் தைத்துக்கொண்டு வந்தார்கள். பலகைமேல் நான் உட்கார்ந்திருந்தேன். அதில் இனி யாருக்கும் படுக்கை இல்லை. பஞ்சு மிதந்தது. எலுமிச்சை நிழல் வாசலில் அசைந்தது. தெருவே கண் சொருகிக் கிடந்தது.

"அண்ணே, அந்த ஆடு என்னாச்சு?" என்றாள் தங்கை, ஊசியை இழுத்தபடி.

விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். ஆடு பரிசோதகரை ஏற இறங்கப் பார்த்தது. பரிசோதகர் டிக்கெட் கேட்டார். ஆடு டிக்கெட்டைத் தின்றது. அவர் அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆடு அதையும் தின்றுவிட்டு, இன்னொன்று எழுதச் சொல்வதுபோல் அவர் கையைப் பார்த்தது. மெத்தைக்காரர் ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். தங்கை ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது எழுந்துவிடுவாள் என்று பார்த்தேன். மெத்தையின் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். அப்படியே அந்தத் திண்டின்மேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தெருநாய்கள் விழித்துக்கொள்ளும்படி சிரித்தாள். எழுந்திருக்கவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். எழுந்திருக்கவே இல்லை.

"அப்புறம்?" என்றாள்.

"பெட்டியில இருந்தவங்க எல்லாரும் ஆட்டுக்காக எழுந்து நின்னாங்க."

"அப்புறம்?"

வாயைத் திறந்தேன். இந்த இடத்துக்கு நான் இதற்கு முன் வந்ததே இல்லை. ஆடும் பரிசோதகரும் பெட்டி நிறையப் பயணிகளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முடிவு என்னண்ணே?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பழைய ஒலிபெருக்கிக் குரலில் சொன்னேன்:

"இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்."